நாலு சுற்று

எங்கள் ஊர்த் தண்ணீர்க் குழாய்களுக்கு மொத்தம் நாற்பத்தொரு வால்வுகள். அவற்றில் நாற்பதை இடப்பக்கம் திருப்பினால் திறக்கும், வலப்பக்கம் திருப்பினால் மூடும். பதினேழாம் நம்பர் மட்டும் நேர் எதிர். எந்தக் காலத்திலோ யாரோ வேறு கம்பெனியில் வாங்கிப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊரோடு ஒத்துப்போகாமல் முறுக்கிக்கொண்டு நிற்பதால் என் அண்ணன் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். "எல்லாருக்கும் ஒரு வழி, துரைக்கு மட்டும் மாப்பிள்ளை முறுக்கு" என்பார்.

என் அண்ணன் மூன்று தடவை ஜெயித்த மேயர். நான் அவர் தங்கை, நகரசபையின் வால்வு ஆள். மாப்பிள்ளையை நான் தவறுதலாக மூடிவிட்டேன் என்று ஒரு காகிதத்தில் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போடச் சொல்லி என் முன்னால் வைத்தார்கள். போட்டால் கவனக்குறைவு என்று வேலை போகும், அதோடு வீட்டுக்குப் போகலாம். அண்ணன் நாலாவது தடவை நிற்கலாம். போடாவிட்டால் இரண்டு பேரும் சிறைக்குப் போகவேண்டும். ஒரு மனிதர் செத்துப்போயிருந்தார்.

காகிதத்தில் இருந்த மற்ற எல்லாம் உண்மை. 'தவறுதலாக' என்ற ஒரு சொல்தான் தொண்டையில் சிக்கியது. அது ஏன் சிக்கியது என்று புரியவேண்டுமானால் வால்வு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரியவேண்டும்.

தெருவில் நடக்கும்போது வட்டமான இரும்பு மூடிகளைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தூக்கினால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி. குழியின் அடியில் குழாய் ஓடும், அதன்மேல் ஒரு இரும்புத் தண்டு நிமிர்ந்து நிற்கும். வால்வு சாவி என்பது என் நெஞ்சுயரத்துக்கு இருக்கும் ஒரு இரும்புக் கம்பி. மேலே இரண்டு கைப்பிடி, கீழே தண்டின் தலையைக் கவ்வும் சதுரப் பொந்து. சாவியைச் சுற்றினால் குழாய்க்குள் ஒரு கனத்த பலகை நாக்கு மாதிரி ஏறி இறங்கும். ஒரு சுற்றுக்கு ஒரு பென்சில் தடிமன். பெரிய குழாய்க்கு அதிகச் சுற்று, சின்னக் குழாய்க்குக் குறைவு. மாப்பிள்ளைக்கு இருபத்தாறு. உள்ளே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வால்வு ஆளுக்குக் கண் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். நான் வாய்விட்டு எண்ணுவேன். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், நடுவில் ஒரு எண் தவறினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் தவறும்.

அண்ணன் இருபத்திரண்டு வயதில் அந்தச் சாவியைப் பிடித்தார். ஊர் ஒரு சரிவில் இருக்கிறது. பள்ளத்துத் தெருக்களில் தண்ணீர் பீறிட்டு வரும், மேட்டுத் தெருக்களில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். புதிதாக ஒரு தொட்டி கட்டினால்தான் தீரும் என்று பொறியாளர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். குழாய் வரைபடத்தைக் கேட்டால் கறையான் தின்றுவிட்டது என்றார்கள். அண்ணன் ஒரு கோடை முழுக்கச் சாவியும் ஒரு பள்ளிக்கூட நோட்டுமாக ஊரைச் சுற்றினார். ஒவ்வொரு மூடியாகத் தூக்கி, எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று எழுதினார். பிறகு பள்ளத்து வால்வுகளை ஆறு சுற்று, எட்டு சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பள்ளத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் ஓடும். பள்ளத்தின் வாயைக் கொஞ்சம் ஒடுக்கினால் மிச்சத் தண்ணீருக்கு மேட்டில் ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. இதற்குச் சமப்படுத்துவது என்று பெயர். ஒரு செங்கல் வைக்காமல், ஒரு குழாய் புதைக்காமல், ஒன்பது மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறியது. பள்ளத்துக்காரர்களுக்குக் குறைந்ததே தெரியவில்லை.

மேட்டுத் தெருப் பெண்கள் அவரை விடவில்லை, மேயர் தேர்தலில் நிற்கவைத்தார்கள். "தொட்டி கட்டறேன், தொட்டி கட்டறேன்னு பத்து வருஷமா நம்ம தலையில கட்டினாங்க. இவர் ஒரு கம்பியை வெச்சு முடிச்சிட்டாரு" என்று வீடு வீடாகச் சொன்னார்கள். அப்போதிருந்த மேயர் மேடையில் அண்ணனை 'வால்வு' என்று கிண்டல் செய்தார். அண்ணன் பதிலுக்கு, "ஆமாங்க, நான் வால்வுதான். அவர் மூடி. திறந்து பாத்தீங்கன்னா உள்ள ஒண்ணும் இருக்காது" என்றார். தேர்தல் அன்றைக்கே முடிந்தது. அதற்குப் பிறகு ஊருக்கு அவர் வால்வு மேயர்.

மேயரானதும் சாவியை என்னிடம் கொடுத்தார். அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. எனக்கு இடதுகைப் பழக்கம். சின்ன வயதில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். ஊரில் என் பெயரே நொட்டாங்கை.

"நொட்டாங்கை கையில நாப்பத்தொரு வால்வா? ஊர் நாறிடும் சார்" என்றார் தலைமை எழுத்தர்.

"நாப்பத்தொண்ணையும் சுத்து மாறாம அவ மனப்பாடமாச் சொல்லுவா. நீங்க உங்க வீட்டு மின்விசிறிக்கு எத்தனை சுவிட்சுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார் அண்ணன்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருக்கு என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தேன். பன்னிரண்டு வருடத்தில் எனக்குக் கல்யாணப் பேச்சு வராமல் அந்தச் சாவி பார்த்துக்கொண்டது, நானும் வருத்தப்படவில்லை. அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை, மூலையில் சாத்திய சாவி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வையும் முழுதாக மூடித் திறப்பேன், துருப்பிடித்து இறுகாமல் இருக்க. மற்றவர்கள் மாப்பிள்ளையிடம் தடுமாறுவார்கள். எனக்கு அது என் கைக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

இரண்டாவது தேர்தலில் அண்ணன் ஜெயித்தார், ஆனால் முன்னைவிடக் குறைந்த ஓட்டில். அவருக்கு அது பொறுக்கவில்லை. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எவ்வளவு விழுந்தது என்ற பட்டியலை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். பக்கத்தில் தன் பழைய நோட்டைத் திறந்து வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு வாக்குச்சாவடி என்பது இரண்டு மூன்று தெரு. ஒரு வால்வு என்பதும் இரண்டு மூன்று தெரு. இரண்டு பட்டியலும் ஒரே ஊரை இரண்டு பேர் வரைந்த மாதிரி அநேகமாகப் பொருந்தின.

"பாத்தியா நொட்டாங்கை, நான் யாருக்குத் தண்ணி குடுத்தேன், யாரு குடிச்சிட்டு வாயத் துடைச்சிக்கிட்டாங்கன்னு வரிக்கு வரி இருக்கு" என்றார்.

அன்றைக்கு அதைத் தமாஷ் என்றே எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அஞ்சாம் நம்பரில் மூன்று சுற்று இறுக்கச் சொன்னார். சமப்படுத்த என்றார். இறுக்கினேன். பிறகு இருபத்தொன்பது. பிறகு எட்டு. வால்வு ஆளுக்கு எது சமப்படுத்துவது, எது பழி தீர்ப்பது என்று கை வைத்த உடனே தெரியும். மேட்டில் தண்ணீர் ஏறாத நாளில் பள்ளத்தை இறுக்கினால் அது சமம். மேட்டிலும் நன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால் அது வேறு. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இறுக்கினேன்.

பதினேழாம் நம்பர் வால்வு மெத்தைக்காரத் தெருவுக்குப் போகிறது. இரண்டு பக்கமும் பஞ்சு அடிக்கிற கடைகள், மெத்தை தைக்கிற கூடங்கள். மூன்றாவது தேர்தலில் அங்கே ஒரு மெத்தைக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். உயரமான மனிதர், எப்போதும் மீசையில் பஞ்சு ஒட்டியிருக்கும். "மேயர்னா ஊருக்கு வேலைக்காரன். இவரு ஊருக்கே மாமனார் மாதிரி நடந்துக்கறாரு. குழாய்ல தண்ணி வந்தா நாம கையெடுத்துக் கும்பிடணுமாம்!" என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. ஓட்டும் சிரித்த மாதிரியே விழுந்தது.

ஜெயித்த மறுநாள் அண்ணன் பின்கட்டுக்கு வந்தார்.

"மாப்பிள்ளைக்கு இனிமே நாலு சுத்து போதும்."

"நாலா? இருபத்தாறுல நாலா? இதுவும் சமப்படுத்தவா?"

"ஆமா. அவங்க பேச்சு ரொம்ப உயரத்துல இருக்கு. கொஞ்சம் பள்ளத்துக்குக் கொண்டு வருவோம்."

நான் சிரித்தேன். அதை மறைக்கப்போவதில்லை. சிரித்துக்கொண்டே சாவியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நாலு சுற்று மட்டும் திறந்து வைப்பது மிகக் கெட்டிக்காரத்தனமான கணக்கு. முழுதாக மூடினால் ஒரு மணி நேரத்தில் தெரு அலுவலகத்துக்கு வந்துவிடும். நாலு சுற்றில் வைத்தால் அப்படி இல்லை. யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் குழாய் முழுக்க நிரம்பி அழுத்தம் வழக்கம்போல ஏறிவிடும். அப்போது ஒரு குழாயைத் திறந்தால் சோவென்று கொட்டும். பத்துக் குழாயைத் திறந்தால்தான் சாயம் வெளுக்கும், எல்லாம் நூலாக வடியும். ஒரு கடைக்குக் கதவை ஒருக்களித்து வைக்கிற மாதிரி. ஒருவர் தாராளமாக நுழையலாம், கூட்டம் வந்தால் நெரிசல்.

மெத்தைக்காரர் புகார் கொடுத்தார். அதிகாரி ஒருவர் காலை பத்தரை மணிக்கு, எல்லாரும் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து ஒரு குழாயைத் திறந்தார்.

"என்னங்க, வாளி தூக்கிட்டுப் போகுது. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு? அருவியா?"

"சார், நீங்க ஒருத்தர் குடிச்சா வரும். தெருவே குடிச்சா வராது. சாயங்காலம் வந்து பாருங்க."

அதிகாரி சாயங்காலம் வரவில்லை. அந்த மெத்தைக்காரருக்கு வால்வைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் சரியாகச் சொன்னார். நான் மூடி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினோரு மாதம் அப்படியே இருந்தது.

பஞ்சு அடிக்கும் மெஷினுக்குள் ஒரு ஆணி விழுந்தால் போதும். உருளையில் பட்டுப் பொறி பறக்கும், பறந்து அடித்த பஞ்சில் விழும். அடித்த பஞ்சு பாதி காற்று, அது எரிவதில்லை, வெடிக்கிறது. காலை பதினொரு மணிக்கு மெத்தைக்காரர் கூடத்தில் அதுதான் நடந்தது. தீயணைப்பு வண்டி ஏழு நிமிடத்தில் வந்தது. வண்டிக்குள் இருக்கும் தண்ணீர் ஐந்தாறு நிமிடத்துக்கே வரும். அதற்குள் தெரு முனையில் இருக்கும் தீயணைப்புக் குழாயில் ஹோஸை மாட்டிவிட வேண்டும். மாட்டினார்கள். ஒரு தெருவே சேர்ந்து குடிக்கிற அளவு தண்ணீரை அந்த ஒரு ஹோஸ் கேட்கும். நாலு சுற்றில் நூல்தான் வந்தது.

எனக்கு போன் வந்தபோது நான் இரண்டு தெரு தள்ளி இருந்தேன். சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மூடியைத் தூக்கி, சாவியை மாட்டி, வலப்பக்கம் சுற்றினேன். நெருப்புக்கு எதிரில் நிற்கும்போதும் வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டில் தண்டு நின்றது. பக்கத்தில் நின்ற பம்ப் ஆள், தீயணைப்பு வண்டிப் பம்பை இயக்குபவர், அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளியது. ஆனால் கூரை அதற்கு முன்பே இறங்கிவிட்டது. மெத்தைக்காரர் இரண்டு பேரை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு மூன்றாவது ஆளுக்காக உள்ளே போயிருந்தார். அந்த மூன்றாவது ஆள் பின்ஜன்னல் வழியாக எப்போதோ குதித்துவிட்டான். அது அவருக்குத் தெரியாது.

விசாரணை என்று வந்தவர்கள் முதலில் அண்ணன் வீட்டில் பணத்தைத் தேடினார்கள். பீரோ, பரண், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தார்கள். அண்ணன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத் தேடுங்க சார். இந்த வீட்டுல துரு மட்டும்தான் இருக்கு. பன்னிரண்டு வருஷத்துல ஒரு பைசா தொட்டிருந்தா இங்கயே என் கையை வெட்டுங்க" என்றார்.

அது உண்மை. அவர் பணத்தைத் தொட்டதே இல்லை. வந்தவர்கள் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனார்கள். ஆனால் பம்ப் ஆள் தன் அறிக்கையில் 'பதினேழாம் வால்வு இருபத்திரண்டு சுற்று திறக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதியிருந்தார். வால்வு மூடிக் கிடந்திருக்கிறது, மூடியது யார் என்ற கேள்வி வந்தது. முதலில் என்னைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். உத்தரவு போட்டது யார் என்று அண்ணனையும் வழக்கில் சேர்த்தார்கள்.

எங்கள் வக்கீல் அந்தக் காகிதத்தோடு வந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப எளிசும்மா" என்றார் வக்கீல். "ஆறு மாசத்துக்கு ஒருதரம் மூடித் திறப்பீங்கல்ல? அப்படி மூடினப்ப, இது எதிர் வால்வுங்கறதால பக்கம் மாறிப்போச்சு. திறந்ததா நினைச்சு மூடிட்டீங்க. அதுலயும் உங்களுக்கு இடதுகைப் பழக்கம். எந்த நீதிபதியும் நம்புவாரு."

"முழுசா மூடியிருந்தா இருபத்தாறு சுத்து இல்ல சார் வந்திருக்கும்? இருபத்திரண்டுதானே வந்துச்சு?"

வக்கீல் புரியாமல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சொன்னார்: "மாப்பிள்ளைக்கு மொத்தமே இருபத்திரண்டுதான்."

"நோட்டுல இருபத்தாறுன்னு இருக்குண்ணே."

"நோட்டைக் கறையான் தின்னுடுச்சு" என்றார் அண்ணன், கண்ணிமைக்காமல்.

வக்கீல் போனபிறகு அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வார்த்தைம்மா. தவறுதலாக. செருப்பை மாத்திப் போட்டவதானேன்னு ஊரே நம்பும்."

"நான் இதுவரைக்கும் ஒரு வால்வையும் தவறுதலாத் திருப்பினதில்லண்ணே."

"தெரியும். எனக்குத் தெரியாதா? காசு தொட்டவன் எல்லாம் வெளியில காரு ஓட்டிட்டுத் திரியறான். தண்ணியைத் தொட்ட நான் உள்ள போகணுமா? உள்ள போனா அடுத்த தேர்தல்ல நிக்கமுடியாது. ஒன்பது தெருவுக்குத் தண்ணி ஏத்தினது யாரு? அதுக்கு ஒரு வார்த்தை ஈடாகாதா?"

ஈடாகும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அவ்வளவு நன்றியை ஒரு வார்த்தையில் அடைக்கமுடிகிறது என்றால் அது லாபம்தான். மறுநாள் கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை மெத்தைக்காரரின் மனைவி வந்தார். நான் அறை வாசலில் சாவிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் எடுக்கப் போனேன்.

"உங்க வீட்டுத் தண்ணி வேணாம்" என்றார். "ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். அது தப்பா நடந்துச்சா, வேணும்னே செஞ்சதா? தப்புன்னா அழுதுட்டு விட்டுடறேன். யாரும் தப்பு பண்ணுவாங்க. ஆனா அவரு பதினோரு மாசமா, தண்ணி வரல தண்ணி வரலன்னு சொன்னப்ப எல்லாரும் அவரைப் பைத்தியக்காரன்னாங்க. நானே சொல்லியிருக்கேன். குழாயத் திறந்து காட்டி, இதோ வருதேய்யான்னு சண்டை போட்டிருக்கேன். அவரு சொன்னது நிஜமா?"

நான் எண்ணெய்த் துணியை எடுத்து மறுபடி சாவியைத் துடைத்தேன்.

"இப்பச் சொல்லவேணாம். கோர்ட்டுல சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

நீதிமன்றத்தில் வக்கீல் கொடுத்த காகிதத்தை வைத்து என் வாக்குமூலத்தைத் தட்டச்சர் அடித்து முடித்து உரக்கப் படித்தார். '...பதினேழாம் வால்வைத் தவறுதலாக...' என்று வந்தபோது நான் கையைத் தூக்கினேன். இடது கை.

"அந்த வார்த்தையை எடுத்துடுங்க."

"எந்த வார்த்தை?" என்றார் நீதிபதி.

"தவறுதலாக. நான் தப்பாத் திருப்பலைங்க. சரியாத்தான் திருப்பினேன். நாலு சுத்துல வைக்கச் சொன்னாரு, நாலு சுத்துல வெச்சேன். மேயர் சொன்னாரு, தெரிஞ்சு செஞ்சேன். அந்தத் தெருவுக்குப் பதினோரு மாசமாத் தண்ணி வரலைங்க. மெத்தைக்காரர் சொன்னது நிஜம்."

கூட்டத்தில் ஒரு பெண் ஓங்கி அழும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்துவிட்டார். "அவளுக்கு இடது வலது தெரியாதுங்க! சின்ன வயசுலருந்தே! ஊரைக் கேளுங்க!"

"தப்புன்னா முழுசா மூடியிருக்கும்ங்க" என்றேன் நீதிபதியிடம். "பக்கம் மாறினவ கடைசி வரைக்கும் திருப்புவா, நின்னாத்தான் விடுவா. நாலு சுத்து மிச்சம் வைக்கிறவ எண்ணிக்கிட்டு இருக்கா. மாப்பிள்ளைக்கு மொத்தம் இருபத்தாறு. நம்பலைன்னா போய் எண்ணிப் பாருங்க. அது எங்கயும் ஓடிடாது."

நீதிபதி எண்ணிப் பார்ப்பது என்று முடிவு செய்தார், அதுவரை எங்கள் இரண்டு பேரையும் காவலில் வைக்கச் சொன்னார்.

அடுத்த நாள் காலை நீதிபதி, தட்டச்சர், வக்கீல்கள், போலீஸ் வேனில் அண்ணனும் நானும் என்று எல்லாரும் மெத்தைக்காரத் தெருவுக்கு வந்தோம். வால்வைச் சுற்றித் தெருவே நின்றது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் சாவியைத் தொடக்கூடாது என்று பம்ப் ஆளிடம் கொடுத்தார்கள். தீ அன்றைக்கு நான் முழுதாகத் திறந்ததோடு வால்வு அப்படியே இருந்தது. அதைக் கடைசி வரை மூடினால் மொத்தம் எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும்.

பம்ப் ஆள் இடப்பக்கம் சுற்றினார். ஒன்று, இரண்டு என்று கூட்டமும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. பத்து. பதினைந்து. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டில் சாவி நின்றது. பம்ப் ஆள் இன்னும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"அவ்வளவுதாங்க. மூடிடுச்சு. இருபத்திரண்டு."

எங்கள் வக்கீல் தட்டச்சரிடம், "எழுதிக்கோங்க, இருபத்திரண்டு" என்றார்.

"குழாய்ல இன்னும் தண்ணி வருதே!" என்று மெத்தைக்காரர் மனைவி கத்தினார்.

"பழைய வால்வு, கசியத்தான் செய்யும்" என்றார் வக்கீல்.

பிறகு எனக்குப் புரிந்தது. திறந்தே கிடக்கும் வால்வின் அடியில், பலகை போய் உட்காரும் பள்ளத்தில், வண்டல் சேரும். பலகை வண்டலில் இடித்தால் மூடிவிட்டது போலவே கைக்குத் தெரியும். "ஐயா, அது வண்டல்! இன்னும் நாலு இருக்கு" என்றேன். நீதிபதி தயங்கி, இன்னும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். பம்ப் ஆள் நல்ல பலசாலி. கைப்பிடியில் நெஞ்சைக் கொடுத்து மொத்த எடையையும் போட்டு முறுக்கினார். தண்டு கிறீச்சிட்டது. அவ்வளவு முறுக்கினால் தண்டு வளையும். வளைந்தால் அந்த வால்வு செத்தது.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் பேசாமல் நின்றால் போதும். இன்னும் இரண்டு முறுக்கு, தண்டு உடையும், கணக்கு இருபத்திரண்டோடு புதைந்துவிடும். அவருக்கும் அது தெரியும். தாடையை இறுக்கிக்கொண்டு நின்றார். தண்டு மறுபடி கிறீச்சிட்டது.

"யோவ்! கையை எடுய்யா!" என்று அண்ணன் பாய்ந்தார். "உடைச்சிடுவ! சாவி பிடிக்கற லட்சணமா இது? ரெண்டு சுத்து பின்னால வா. தண்ணி பீச்சி வண்டலை அடிச்சிட்டுப் போகும். அப்புறம் இறக்கு. அதுக்கு இன்னும் நாலு சுத்து இருக்குய்யா!"

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். தான் என்ன சொன்னோம் என்று அண்ணனுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. அவர் முகத்தில் நான் பயத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. போலீஸ்காரர் தடுப்பதற்குள் சாவியைப் பிடுங்கினார். இரண்டு சுற்று பின்னால் வந்தார். குழிக்குள் தண்ணீர் சீறும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கையால், வெண்ணெயில் கத்தி இறங்குவது போல, இறக்கினார்.

"இருபத்து மூணு. இருபத்து நாலு. இருபத்தஞ்சு." கூட்டத்தில் ஒருவரும் எண்ணவில்லை, அவர் குரல் மட்டும். "இருபத்தாறு. எழுதிக்கோங்கய்யா. இருபத்தாறு." சாவியை நட்டுவிட்டு நீதிபதியைப் பார்த்தார். "என்னை உள்ள போடுங்க, போறேன். ஆனா அந்த வால்வை எனக்குத் தெரியாதுன்னு மட்டும் ஒருத்தனும் சொல்லக்கூடாது."

மெத்தைக்காரர் மனைவி அவர் முன்னால் வந்து நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். "உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான். அண்ணன் முதல்முறையாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

எங்களை வேனில் ஏற்றினார்கள். அண்ணன் எதிரில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் துரு.

"உன்னாலதான்டி போச்சு எல்லாம்" என்றார்.

"என்னாலயா? இன்னும் நாலு இருக்குன்னு சொன்னது யாரு?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். வேன் கிளம்பியது. நான் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணே, வால்வு மூடியே இருக்கு!"

அவரும் அதே நேரத்தில் எழுந்துவிட்டார். நீதிபதி காரில் ஏறிக்கொண்டிருந்தார், தட்டச்சர் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார், சாவி குழியில் தனியாக நின்றது. இருபத்தாறும் மூடியபடி தெருவை விட்டுவிட்டு எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேனின் தகரத்தைக் கையால் அடித்தோம். "நிறுத்துங்க! நிறுத்துங்க!"

வேன் நின்றது. போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தப்பிக்கலாம்னு பாக்கறியா?"

"தெருவுக்குத் தண்ணி இல்லைய்யா! பம்ப் ஆளைக் கூப்பிடுங்க!"

பம்ப் ஆள் ஓடிவந்து சாவியைப் பிடித்தார். எந்தப் பக்கம் என்று எங்களைப் பார்த்தார்.

"வலப்பக்கம்" என்றோம் இரண்டு பேரும்.

"மெதுவா" என்றார் அண்ணன். "சட்டுனு திறந்தா குழாய் அதிரும்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினேன். நாலு வந்தபோது பம்ப் ஆள் ஏனோ நிமிர்ந்து பார்த்தார். "நிக்காதீங்க, போங்க" என்றேன். இருபத்தாறு வரை நிறுத்தாமல் எண்ணினேன்.